நாற்காலியைத் திருப்பி வைத்தேன்

யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற சுபாவம் எனக்கு. குவென்காவில் பிறந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இப்படித்தான். மலைக்காரர்கள் நாங்கள், எதிரே நிற்பவரிடம் 'இல்லை' என்று சொல்ல நாக்கு வராது. டாக்டரிடம் என்றால் கேட்கவே வேண்டாம். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் வெளியூர்க்காரர்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் விசாரிக்கும் மருந்து, காது மந்தமானவர்களுக்கு நான் கண்டுபிடித்தது. செவிப்பறைக்குப் பின்னால் ஊசியால் செலுத்த வேண்டும். முதலில் மோசமான காதில். அது தேறினால் மட்டுமே மற்ற காதில். தேறியதா என்று பார்க்க நோயாளியைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, வெளியிலிருந்து பொத்தானை அமுக்கி மெல்லிய ஒலிகளை அனுப்புவோம். கேட்டால் கை தூக்க வேண்டும். நோயாளி நமக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும் என்பது ஆய்வின் விதி. முதுகைப் பார்த்துக்கொண்டு சோதிப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பி வைத்தேன்.

அதன்பின் எல்லோருக்கும் காது தேறியது.

கருவியைக் கவனித்துக்கொள்ளும் மர்லேனே மட்டும், ரொசெண்டா என்ற நோயாளியின் விஷயத்தில் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரொசெண்டாம்மாவுக்கு ஒண்ணுமே கேக்கல டாக்டர். பொத்தானை அமுக்குறப்போ நீங்க புருவத்தத் தூக்குறீங்க. அதப் பாத்துக் கை தூக்குறாங்க. உங்க மூஞ்சி வாடிடக் கூடாதாம்."

மர்லேனே குவயாகில்காரி. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு எதையும் பட்டென்று போட்டு உடைத்தால்தான் சோறு இறங்கும்.

அவள் சொன்னது தப்பு என்று காட்டத்தான், நாற்காலியை விதிப்படி திருப்பிவிட்டு நானே ஒருநாள் ரொசெண்டாவைச் சோதித்தேன். அவர் ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை. என் மருந்துக்கு முன்னால் ஓரளவு கேட்டுக்கொண்டிருந்த காது அது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மருந்தின் வெற்றியைப் பற்றி லீமா மாநாட்டில் கட்டுரை படிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். கூப்பிட்டவர்களிடம் எப்படி 'இல்லை' என்பது? நாற்காலியை மறுபடி என் பக்கம் திருப்பினேன். மற்ற காதுக்கு ஊசியைத் தயார் செய்யச் சொன்னேன்.

ரொசெண்டா சந்தையில் பன்றி வறுவல் விற்பவர். மகள் ஸ்பெயினில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"இந்தக் காதுலதான் டாக்டரய்யா எம் மக குரல் கேக்குது. இதுக்கும் போடணுமா?"

"ஏம்மா, அந்தக் காது தேறலியா?"

என் முகத்தையே பார்த்தார். எனக்குச் சிரித்த முகம்.

"தேறிடுச்சு டாக்டரய்யா. உங்க புண்ணியம்."

போட்டேன். அந்தக் காதும் போயிற்று.

போன் எடுத்தால் அம்மா பேசுவதே இல்லை என்று பதறி, மகள் ஊருக்கு வந்துவிட்டாள். என் அறைக்குள் நின்று கத்தினாள். "என்னய்யா செஞ்ச எங்கம்மாவ? பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குறாங்களே!"

நடுவில் உட்கார்ந்திருந்த ரொசெண்டாவுக்கு அதில் ஒரு சொல்கூட எட்டவில்லை. மகளின் வாயைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

"டாக்டரய்யாவத் திட்டாதடி. எனக்கு நல்லாத்தான் கேக்குது."

நோயாளிக்கு என்மேல் எந்தக் குறையும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.