சிவப்புத் துண்டு

விழுப்புரத்தில் ரயில் மாறி புதுச்சேரி வண்டியில் ஏறினேன். எதிரே இரண்டு மில் தொழிலாளர்கள். தோளில் சிவப்புத் துண்டு போட்டிருந்தவர், "மெட்ராஸ் கார் ரேஸ்ல கொழும்புக்காரன் தோத்ததுக்கு நாந்தான் காரணம்" என்றார்.

"நீ இன்னா பண்ண?" என்றார் கூட்டாளி.

"அவன் காருதான் முன்னால வந்துச்சி. சந்தோஷத்துல கயித்தத் தாண்டிப் போயி துண்ட ஆட்டுனேன். ரேஸ்ல செவப்பு காட்டுனா வண்டிய நிறுத்தணுமாம். நிறுத்திட்டான். என்னை நாலு பேரு இழுத்துப் போட்டதும் பின்னால வந்தவன்லாம் அவனத் தாண்டிப் போயிட்டான்."

"அடிச்சாங்களா?"

"அடிக்காம? அது கெடக்கட்டும். ஸ்டிரைக்குன்னு மில்லு வாசல்ல எத்தினி வருஷமா இதே துண்ட ஆட்டறேன். ஒரு நாளாவது ஒரு தறி நின்னுதா?"