முகம் தெரிய வேண்டும்

தியேட்டரில் ஏசியைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான்கு வருடம் எனக்குக் கார் ஓட்டியவனின் மனைவி அவள். படமே அவனையும் என்னையும் பற்றியதுதான்.

போர் நடக்கும் ஊர்களில் புகைப்படம் எடுப்பது என் பிழைப்பு. சினிமாவில் என் போன்றவர்கள் கேமராவைப் போட்டுவிட்டு, அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நான் அவ்வளவு ஓடியதில்லை. அதற்காகக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். என் சாப்பாட்டில் பாதி அவனுக்கு.

அன்று நாங்கள் கடக்க வேண்டியிருந்த நாற்சந்தியை எந்த மாடியிலிருந்தோ ஒருவன் துப்பாக்கியோடு குறிபார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து, நிற்காமல் ஓடினால் பிழைக்கலாம். கார் எதிர்ப்பக்கம் நின்றது. தம்பி முதலில் ஓடினான். நான் சுவரோரம் நின்று படமெடுத்தேன்.

இந்த இடத்தில்தான் என் வேடம் போட்ட நடிகர், "தம்பி, நிக்காதே, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. கதை கேட்க வந்த அன்று இயக்குநர், அவனைக் கூப்பிட்டீர்களா என்று என்னிடம் கேட்டார். கூப்பிட்டேன் என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

விளக்குப் போட்டதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா அவர் காதுல விழுந்தது உங்க குரல்தானேண்ணே. அநாதையாப் போகல. எனக்கு அது போதும்," என்றாள்.

சொல்லிவிட வாயெடுத்தேன், வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கேமரா வழியே அவன் முதுகுதான் தெரிந்தது. முதுகை எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போடாது. முகம் வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிச் சொல்லி எனக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. நான் கத்தவில்லை. தெருவில் சத்தமே இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, "தம்பி, இங்க பாரு," என்றேன். நான் கூப்பிட்டு அவன் நிற்காமல் போனதே கிடையாது. நின்றான், திரும்பினான். லேசாகச் சிரிக்கவும் செய்தான்.

நான்கு படங்கள் எடுத்தேன். நான்காவதில் அவன் விழுந்துவிட்டான். முதல் படத்துக்கு விருது கிடைத்தது. அதைத்தான் அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அன்று அவள் வயிற்றிலிருந்த மகள், தினமும் அதைப் பார்த்து அப்பா என்கிறாளாம்.

அவனைக் கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள், நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு அப்பாவின் முகமே தெரியாமல் போயிருக்காதா?