வெயிலில் தெரியாத சுடர்

ஆர்க்கிட் செடிக்கு மண் வேண்டாம் என்று சொன்னால் எங்கள் பக்கத்து விவசாயிகள் சிரிப்பார்கள். என் மாமனார் கடைசிவரை நம்பவில்லை. கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்ட தொட்டியில் ஒரு செடி எதைத் தின்று பூக்கிறது என்று கேட்பார். காற்றைத் தின்று பூக்கிறது என்பேன். "அப்பிடீன்னா நம்ம மாப்பிள்ளைக்கு ஏத்த செடிதான்" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

என் பெயர் அப்புசாமி. கணபதி என்ற பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். அடுத்த வீடு நசுருதீன் பாயுடையது. மணிக்கூண்டுப் பக்கம் அவருக்குக் கைக்கடிகார ரிப்பேர் கடை. ஆர்க்கிட் கிறுக்கை எனக்கு ஏற்றிவிட்டதே அவர் மனைவி சித்திகாதான். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு தொட்டியை நீட்டி, "செத்தாலும் பரவால்லீங்கண்ணா, வெச்சுப் பாருங்க" என்றார். அது சாகவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டுப் பின்பக்கம் முழுக்கப் பச்சை வலை கட்டினேன்.

பண்டிகைக்கு எல்லோரும் பலகாரம் மாற்றிக்கொள்வார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் செடி மாற்றிக்கொள்வது வழக்கம். பொங்கலுக்கு என் தொட்டியிலிருந்து ஒரு துண்டு அங்கே போகும். நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் தொட்டியிலிருந்து ஒரு துண்டு இங்கே வரும். இரண்டையும் வெட்டுவது நான்தான். பட்டறையில் இரும்பறுக்கும் ஆக்சா பிளேடைத் தீட்டிச் செய்த கத்தி ஒன்று இதற்கென்றே வைத்திருந்தேன். ஒரு செடியை வெட்டிய கத்தி அடுத்த செடியைத் தொடுவதற்கு முன் ஸ்பிரிட் விளக்கில் நன்றாகக் காய வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் சீக்கு மற்றொன்றுக்குப் போய்விடும். ஆர்க்கிட் வளர்ப்பவன் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

சித்திகா வைத்திருந்த செடிகளில் ஒரு வெள்ளைக் கேட்லியா உண்டு. குளிர்காலத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும். மார்பில் கட்டி வந்து அவர் படுத்த வருடம், பெருநாளுக்கு அதில் ஒரு துண்டை எனக்குக் கொடுக்கச் சொன்னார். அன்று கத்தியை முறையாகக் காயவைத்துத்தான் வெட்டினேன். பின்பக்கம் இடம் இல்லாததால் அந்தத் துண்டை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் தொங்கவிட்டேன். அடுத்த பெருநாளைச் சித்திகா பார்க்கவில்லை.

அதன் பிறகு பாய் காலையில் அந்த வெள்ளைச் செடியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் டீ குடிப்பார். மகள் அஃப்ஷீனுக்கு வரன் வந்தது, கடைக்குப் புது ஷட்டர் போட்டது என்று வீட்டு விஷயம் எல்லாம் செடியிடம் சொல்வார். சுவருக்கு இந்தப் பக்கம் தண்ணீர் விட்டுக்கொண்டே நானும் கேட்பேன்.

தொண்ணூற்றைந்து மழைக்காலத்தில் என் தோட்டத்துக்குச் சீக்கு வந்தது. அழுகல் என்றால் எனக்குப் பயமில்லை. அழுகின இடத்தை வெட்டி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தடவினால் நின்றுவிடும். ஆர்.எஸ்.புரத்திலிருந்தும் பீளமேட்டிலிருந்தும் ஆட்கள் அழுகின செடியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். பாய் என்னை டாக்டர் என்றே கூப்பிடுவார். ஆனால் இது அழுகல் இல்லை. பூ நன்றாக விரியும், சில நாளில் இதழில் பழுப்புக் கோடு ஓடும். பயிர் நோய் ஆராய்ச்சியிலிருந்து ஓய்வு பெற்ற நஞ்சுண்டன் என்பவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வைரஸுங்க. மருந்தே கெடையாது. எரிச்சுப்போட்டு, கத்தியையும் தூக்கி எறிஞ்சுபோடுங்க. கத்தியிலதான் பரவியிருக்குது."

என் கத்தியில் என்றார். யாரிடமோ ஆசைப்பட்டு வாங்கிய ஊதாச் செடியில் வந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு அவசரத்தில் நான் சரியாகக் காயவைக்காமல் மற்றதை வெட்டியிருக்க வேண்டும். நஞ்சுண்டன் மறுமாதமே மைசூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாயிடம் சொல்லிவிடலாம் என்றே சுவர் வரை போனேன். "வாங்க டாக்டர்" என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் அத்தனை தொட்டியும் சுத்தமாக, பளபளவென்று இருந்தன. தண்ணீர் விடுவதைத் தவிர ஒன்றும் தெரியாத மனிதர். ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். என் செடிகளை எரிக்க எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் எரிப்பதை அவர் சுவர் மேலாகப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்பதை நினைத்தபோதுதான் தாங்கவில்லை.

அஃப்ஷீனுக்குக் கல்யாணம் முடிந்து, சென்னைக்குக் கிளம்பும் நேரம் வந்தது. பாய் வந்து கூப்பிட்டார்.

"அவ அம்மா செடியில ஒரு துண்டு கொண்டு போகட்டுமுங்கண்ணா. உங்க கையால வெட்டிக் குடுங்க."

காலையில் என் ஊதாச் செடியின் காய்ந்த தண்டுகளை அதே கத்தியால்தான் வெட்டியிருந்தேன். செடிகளை எரிக்கவில்லை, கத்தியையும் தூக்கி எறியவில்லை. துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு வாசலில் நல்ல வெயில். விளக்கை ஏற்றினேன். ஸ்பிரிட் விளக்கின் சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. கத்தியைச் சுடருக்கு இந்தப் பக்கமாகப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பாய் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெட்டினேன். விளக்கு ஏற்றியாயிற்றே என்று, இருக்கட்டும் என்று, மற்றச் செடிகளின் காய்ந்த தண்டுகளையும் கழித்துக் கொடுத்தேன். ஒன்றையும் விடவில்லை.

மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முப்பது வருடம் இரும்போடு கிடந்தவன் நான். சூடேறிய இரும்பு எந்த நிறத்துக்கு வரும், கைப்பிடி வரைக்கும் சூடு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? என் கையில் கத்தி சில்லென்றுதான் இருந்தது. எனக்குத் தெரிந்தேதான் செய்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவியபோது மனசு நிறைந்திருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

மறு குளிருக்குச் சித்திகாவின் செடி பூத்தது. விரிந்து சில நாளில் வெள்ளையில் பழுப்புக் கோடு ஓடியது. பாய் பதறிக்கொண்டு வந்தார். அப்போதுதான் அவரை என் வீட்டுப் பின்பக்கம் அழைத்துப் போனேன். அவர் கலிம்போங்கிலிருந்து பார்சலில் வரவழைத்த செடியில் ஒரு துண்டு போன பெருநாளுக்கு எனக்கு வந்திருந்தது. அதைக் காட்டி, "இதுலயும் அதே கோடுதானுங்க பாய்" என்றேன். அதில் கோடு இருந்தது உண்மை. நான் பொய் சொல்லவில்லை.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"பார்சல்ல வந்த செடியிலதான் சீக்கு வந்திருக்குதுங்கண்ணா. அதுல ஒரு துண்ட உங்களுக்கு வேற குடுத்து உங்க தோட்டத்தையும் கெடுத்துப்போட்டனே. என்னைய மன்னிச்சுப்போடுங்க."

"உடுங்க பாய். தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மன்னித்தேன். தட்டிக்கொடுத்து, டீ வரவழைத்து, முழு மனசோடு மன்னித்தேன்.

இரண்டு வீட்டுச் செடிகளையும் அவர் வாசலில் ஒன்றாகப் போட்டு எரித்தோம். மண்ணெண்ணெய் நான் கொண்டுபோனேன். அந்தப் பழைய கத்தியையும் அதற்குள் போட்டேன். சென்னைக்கு ஃபோன் போட்டு அஃப்ஷீனிடமும் எரிக்கச் சொன்னார். அவள் அழுவது ரிசீவருக்கு வெளியே எனக்குக் கேட்டது. தீ அடங்கும்போது பாய் கேட்டார்.

"சித்திகா உங்களுக்குக் குடுத்தாளே ஒரு துண்டு, அதுவுங்களா?"

"அதுவுந்தானுங்க பாய்."

அது மாடியில் இருந்தது. வைத்த நாளிலிருந்து எந்தக் கத்தியும் படாததால் சீக்கு அண்டவில்லை.

அதற்கப்புறம் பாய் படுத்துவிட்டார். நெஞ்சு வலி என்றார்கள். காலையில் அவர் உட்காரும் நாற்காலி வெறும் சுவரைப் பார்த்தபடி கிடந்தது. இப்போது நோன்பு மாதம். அஃப்ஷீன் வந்து அத்தாவைப் பார்த்துக்கொள்கிறாள். தினமும் சாயங்காலம் தூக்குப்போசியில் எங்களுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவருகிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக் குடிக்கிறேன்.

நேற்று போசியை வைத்துவிட்டு நின்றாள்.

"பெரியப்பா, அத்தா அம்மா செடியவே கேட்டுட்டிருக்காங்க. யாரு ஊட்டுலயாச்சும் ஒரு துண்டு இருக்குமான்னு உங்களக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. ஒருக்காப் பாத்தாப் போதுமாம்."

"எல்லாத்தையும் எரிச்சுப்போட்டமே கண்ணு" என்றேன்.

அவள் போன பிறகு என் மனைவி நாச்சியம்மாள் கஞ்சியை ஊற்றாமல் நின்றாள்.

"மாடியில பூத்திருக்குறது அவிய செடிதானுங்களே? கொண்டு போய்க் குடுத்துப்போட்டு வாங்க. பாவமுங்க, கண்ணார ஒருக்காப் பாத்துக்கட்டும்."

"அது வேற செடி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கஞ்சியை என் டம்ளரில் ஊற்றினாள்.

கொடுக்கலாம். கொடுத்தால், இது ஏன் எரியவில்லை, இதற்கு மட்டும் ஏன் சீக்கு இல்லை என்று பாய் யோசிப்பார். நின்றுபோன கடிகாரத்தில் எந்தப் பல் உடைந்திருக்கிறது என்று தேடியே வாழ்ந்தவர். யோசித்தால் கத்தி வரைக்கும் வந்துவிடுவார். இந்த உடம்போடு அவருக்கு அந்த அதிர்ச்சி ஆகாது. அவர் நன்மைக்காகத்தான் பொறுத்திருக்கிறேன். உடம்பு தேறட்டும், நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இன்று காலை மாடிக்குப் போனேன். மூன்று பூ விரிந்திருக்கிறது, ஒரு கோடு இல்லை. கீழே பாய் இருமுவது கேட்டது. அடியில் காய்ந்த தண்டு ஒன்று இருந்தது, வெட்ட வேண்டும். புதுக் கத்தியைச் சுடருக்குள் வைத்து, நன்றாகச் சிவக்கும் வரை காத்திருந்து, ஆறவிட்டுத்தான் அந்தச் செடியைத் தொட்டேன். அந்த விஷயத்தில் யாரும் என்னை ஒரு குறை சொல்ல முடியாது.