பக்கத்து வீட்டுக் கவளம்

— அந்தப் பானையைக் கீழ வையுங்கோ, பார்வதியம்மா. நான் பேச வந்திருக்கேன். நீங்க பாட்டுக்குச் சாமானைக் கட்டிண்டே இருக்கேளே.

— ஹாத்காடிக்காரன் மழை விட்டதும் கைவண்டியோட வாரேன்னிருக்கான், மாமி. அதுக்குள்ள முடிக்கணும். நீங்க பேசுங்க. கைதான சோலியா இருக்கு, காது சும்மாதான் இருக்கு.

— கோவண்டிக்குப் போறேளாமே. எதிர் ரூம் சைனப் சொல்லித்தான் நேக்குத் தெரியறது. செம்பூருக்கு வந்த நாள்லேர்ந்து நமக்கு நடுவுல ஒரே ஒரு செவர். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?

— சொல்லாம போயிருவேனா? அவுகளுக்கு வேலைக்குப் போக வசதியா இருக்கும்னுதான் அங்கன பாத்தோம்.

— உங்காத்துக்காரருக்கு ஒர்க்‌ஷாப் குர்லாவுல. இங்கேர்ந்து குர்லா கிட்ட. கோவண்டி இன்னும் ஒரு ஸ்டேஷன் தள்ளின்னா இருக்கு?

— ரயிலு போற வழியெல்லாம் உங்களுக்குத் தெரியுமாக்கும்.

— எங்காத்துக்காரர் தெனம் கோட்டை ஆபீசுக்குப் போய்ட்டு வரார், நேக்குத் தெரியாதா? காரணம் என்னன்னும் தெரியும். எங்க மாமியார்.

— அவுக என்ன செஞ்சாக?

— நீங்க பார்த்தேள். உங்காத்துல சாப்பிட்டுட்டு வந்த எம்பொண்ணு குட்டியை வாசல்லயே நிறுத்தி, தலையோட ரெண்டு வாளித் தண்ணியைக் கொட்டினார். கேட்டா பூண்டு நாத்தம் போகணுமாம். வேற எதையும் வாய்விட்டுச் சொல்லலை. சொல்லாட்டா என்ன, புரியாதா? யுத்தம் நடந்தப்போ வெளிச்சம் தெரியாம இருக்க ஜன்னல்ல ஒட்டின கறுப்புக் காகிதம் கிழிஞ்ச இடத்துல உங்க கண் தெரிஞ்சது. நேக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு.

— தீட்டு கழிக்காகன்னு எனக்கு வருத்தமில்ல, மாமி. தாராவியில இருந்து வந்தவ நான், இதவிட எம்புட்டோ பாத்தாச்சு. ஆடி மழையில பிள்ள தலையில பச்சத்தண்ணிய ஊத்துதாகளேன்னுதான் பதறிச்சு. நான் ஒரு பக்கம் மொளகும் பூண்டும் தட்டிப் போட்டு நெஞ்சுக்குள்ள சூட்ட ஏத்துதேன். அவுக ஒரு பக்கம் அணைக்காக.

— அணையலையே. அதைச் சொல்லத்தான் வந்தேன். தெனம் அத்தனை தண்ணி விட்டும் ஒரு தும்மல் இல்லை அவளுக்கு. போன மழைக்காலம் ஞாபகம் இருக்கா? காய்ச்சல் விட்டா இருமல், இருமல் விட்டாக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் நெஞ்சு கர்புர்ங்கும். மாட்டுங்கா டாக்டர் என்ன சொன்னார்? உடம்புல ரெஸிஸ்டன்ஸே இல்லை, எந்தச் சீக்கு வந்தாலும் எதிர்த்து நிக்கத் தெம்பில்லை, இன்னொரு தரம் நெஞ்சுல கட்டினா பிழைக்கறதுக்கு நான் பொறுப்பில்லைன்னார். டானிக் பாட்டிலை வாங்கி வாங்கி அடுக்கினோம். ஒண்ணுகூடத் தங்கலை. உங்க அடுப்பு பக்கத்துல வந்து உக்காந்தப்புறம்தான் அவ கன்னத்துல சதையைப் பார்க்கறேன்.

— அதுல ஏங் கெட்டிக்காரத்தனம் ஒண்ணுமில்ல. பின்னால மரத்துல முருங்கைக்கீர கெடக்கு. சீரகத்தையும் மொளகையும் பொடிச்சுப் போட்டு, ரெண்டு பல்லு பூண்டத் தட்டி, சாறு எடுத்துக் குடுங்க. காலையில கேப்பைக் கூழு, கருப்பட்டி போட்டு. நெல்லிக்கா மாட்டுங்கா மார்க்கெட்டுல வரும், வாரப்போ வாங்கித் தேன்ல போட்டு வையுங்க. படுக்கப் போறப்போ பாலுல மஞ்சளு. இதெல்லாம் எந்த வீட்டுலதான் இல்ல? ஒரு நாள் குடுத்துட்டு மறுநாள் விட்டா ஆகாது. விடாம குடுக்கணும், அம்புட்டுதான் சூச்சுமம்.

— பண்ணலைன்னா நினைக்கறேள்? மாமியார் முருகன் கோவிலுக்குப் போன சமயம் பார்த்து, சைனப்கிட்ட பூண்டு வாங்கி, கதவைச் சாத்திண்டு உரிச்சேன். என்னமோ திருட்டுப் பண்றவ மாதிரி தோலைக்கூட முந்தானையில முடிஞ்சுண்டேன். நீங்க சொன்ன மாதிரியேதான் எல்லாம். வாய்ல வச்சதும் துப்பிட்டா. பார்வதி பெரியம்மா குடுக்கற மாதிரி இல்லைன்னா.

— பிள்ளைக்குப் பழகணும்லா.

— எங்கிட்டயா? பெத்தவகிட்டயா பழகணும்?

— அப்படிச் சொல்லலை, மாமி.

— நீங்க சொன்னாலும் தப்பில்லை. உண்மையைச் சொல்லட்டுமா? சாயங்காலமானா இந்தச் செவர்ல காதை வச்சுண்டு நிப்பேன். அந்தப் பக்கம் அவ சிரிப்பா பாருங்கோ, என்னோட இருக்கறச்சே அந்தச் சிரிப்பு வராது. எங்கிட்ட வந்தா அழுகை, அடம். சந்தோஷமும் வரும், வயித்துல ஒரு எரிச்சலும் வரும். எரிச்சலோட நின்னு கேட்டுண்டே இருப்பேன்.

— செவத்துல காத வச்சா... பேசுறது எல்லாம் கேக்குமா?

— வார்த்தையெல்லாம் பிரியாது. சத்தம் மட்டும்தான். ஏன்?

— சும்மா கேட்டேன்.

— நேத்திக்கு என்ன பண்ணினேன் தெரியுமா? மாமியார் வாளியைத் தூக்கறச்சே குறுக்க போய் நின்னேன். இனிமே குழந்தை தலையில தண்ணி விட்டேள்னா, நானும் பார்வதியம்மா ஆத்துல போய்ச் சாப்பிட்டுட்டு வந்து இப்படியே நிப்பேன், எனக்கும் சேர்த்து ஊத்துங்கோன்னேன்.

— அய்ய, சிரிக்காம என்ன செய்ய. நீங்களா?

— நானேதான். அதுலேர்ந்து எங்கிட்டப் பேசறதில்லை. இவர் கேட்டுட்டு, பேப்பரை முகத்துக்கு நேரா இன்னும் கொஞ்சம் ஒசத்திப் பிடிச்சுண்டார். போகட்டும். குட்டி இனிமே முன்வாசல் வழியாவே வந்து போவா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா. இதைச் சொல்லி உங்களை நிறுத்தலாம்னு ஓடி வந்தா, நீங்க பானையைச் சாக்குல போட்டுண்டு நிக்கறேள்.

— எனக்காகவா மாமியாரை எதுத்தீங்க?

— குட்டிக்காகத்தான். உங்களுக்காகவும்னு வச்சுக்கோங்கோளேன்.

— அப்ப எனக்கு இன்னும் சங்கடம்.

— என்ன சங்கடம்? உங்களுக்கும்தான் குழந்தை குட்டி கிடையாது. அவளுக்கும் உங்க மேல உசிர். விட்டுட்டுப் போக மனசு எப்படி வரது?

— எனக்குப் பிள்ள இல்லைன்னு யாரு சொன்னா?

— யாரும் சொல்லலை. நானா... எங்கே, ஊர்லயா இருக்கா?

— இல்ல. இருந்தா. தாராவியில இருந்தப்போ. உங்க குட்டி வயசுதான் இருக்கும். அவளுக்கும் இப்படித்தான், மழைன்னா நெஞ்சுல சளி. ஆஸ்பத்திரி டாக்டரு மருந்த எழுதிட்டு, இது மட்டும் பத்தாதும்மா, பிள்ளைக்கு ஒடம்புல எதுத்து நிக்க வலு வேணும், கீர குடு, கேப்பை குடு, நெல்லிக்கா குடுன்னாரு. எல்லாம் செஞ்சேன். சேட்டு வீட்டுல பாத்திரம் தேய்க்கப் போன எடத்துல நெல்லிக்கா மரம் நின்னுது, கேட்டுப் பொறக்கிட்டு வருவேன். அவ வாயே தொறக்கல. கவளத்த உருட்டிக்கிட்டு கைய நீட்டுனபடியே உக்காந்திருப்பேன். கையிலேயே காஞ்சி போகும்.

— ஐயோ. பார்வதியம்மா.

— பெறவு அந்தத் தாராவி வீட்டுல இருக்க முடியல. அதான் செம்பூரு.

— இத்தனை நாளா எங்கிட்ட ஏன் சொல்லலை?

— சொன்னா உங்க பிள்ளைய அனுப்பிருப்பீங்களா? ஒண்ணப் பறிகுடுத்தவ கையால சாப்பிட விடுவீங்களா?

— அனுப்பியிருக்கமாட்டேன்.

— நெசத்தச் சொல்லிட்டீங்க.

— இப்ப அனுப்புவேன். அதுவும் நிஜம்தான். உக்காருங்கோ. கண்ணைத் துடைச்சுக்கோங்கோ. போகவேண்டாம். அவ உங்க கையாலயே சாப்பிடட்டும். நான் செவர்ல காதை வச்சுக்கறதுக்குப் பதில் இங்கயே வந்து உக்காந்துக்கறேன். ரெண்டு பேருமா வளர்ப்போம்.

— மாமி, உங்க மகளுக்கு என்ன பேரு?

— என்ன இது? தெரியாதா உங்களுக்கு?

— தெரியும். நீங்க சொல்லிக் கேக்கணும்.

— அது எப்படி நான் சொல்லுவேன்? மாமியார் பேரை இட்டிருக்கு. மாமியார் பேரை நாட்டுப்பொண் வாயால சொல்லப்படாது. அதனாலதான் குட்டி, குட்டின்னே கூப்பிடறது.

— அவ அப்பா?

— பெத்த தாயார் பேரைச் சொல்லி, ஏ வாடி, போடின்னு எப்படிக் கூப்பிடுவார்? பாட்டியும் தன் பேரைத் தானே கூவிண்டிருக்கமாட்டார். எங்காத்துல எல்லாருக்கும் குட்டிதான். ஸ்கூல்ல பேர் பதியறச்சே இவர் மெதுவா டீச்சர் காதோட சொன்னார். இதெல்லாம் எதுக்கு இப்போ?

— பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல அவள.

— வழக்கம் அப்படி. என்ன பண்றது?

— நானும் குட்டின்னுதான் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். இந்த வருசம் மொத மழை இறங்குச்சே, அன்னைக்குச் சாயங்காலம். ஒரே இருட்டு. கூழுல கருப்பட்டிய கரைச்சுக்கிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம, சொர்ணம் இங்க வா, ஆறிப்போகுதுன்னுட்டேன்.

— சொர்ணம்ங்கறது...

— ஆமா. எம்மக. அவ போனதுக்குப் பெறவு அந்தப் பேரு ஏங் காதுலயே விழுந்ததில்ல. அவுக முன்னால கூடச் சொன்னதில்ல. உங்க மக யாரக் கூப்பிடுதேன்னு கேப்பா, ஏம் பேரு அது இல்லைம்பான்னு நெனச்சேன். கேக்கல, மாமி. வெளையாடிக்கிட்டிருந்த சொப்ப அப்படியே போட்டுட்டு எந்திரிச்சு வந்தா. ஏம் முன்னால சம்மணம் போட்டு உக்காந்தா. வாயத் தொறந்தா.

— அசடு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா எந்தப் பேருக்கும் வந்திருப்பா.

— பூரா கூழையும் குடிச்சா. சட்டிய வழிச்சுக் குடுத்தேன், அதையும்.

— இதுக்காகவா வீட்டைக் காலி பண்றேள்? பெத்த வயிறு, ஏதோ நினைப்புல வாய் தவறி வந்துடுத்து. குழந்தைக்கு அது மறந்தே போயிருக்கும். நான் தப்பா எடுத்துக்கவே இல்லை. சாக்கை அவிழுங்கோ.

— மொத நாளு மட்டுந்தான் வாய் தவறிச்சு, மாமி.