யாரிடமும் அனுமதி கேட்காத பிரிண்டர்

— அந்தக் கறுப்பை இறக்காதலே, பேச்சிராஜா. அது அடிமை பிரிண்டர்.

— காலையிலேர்ந்து கடையில எதைக் காட்டுனாலும் அடிமைங்கிய. இதுல என்ன கொறை கண்டீய சார்?

— இதை ஓட்டுத மென்பொருளை அந்தக் கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருக்கான். என் லேப்டாப்புல ஓடுதது லினக்ஸ். கட்டற்ற மென்பொருள்! எவனும் பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். ஒளிவு மறைவே கிடையாது.

— பாஸ்வேர்டு மட்டும் கட்டுன பொண்டாட்டிக்குக்கூட கிடையாது.

— ஈவாஞ்சலின், அது தலைவரோட பாதுகாப்பு விஷயம்.

— கேட்டுக்கோ தம்பி. முத்தையாபுரத்துல நாலு தெரு குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரு. பேச்சைப் பாத்தா துறைமுகத்தையே காவல் காக்குத மாதிரி இருக்கும்.

— சாரைத் தெரியாதாக்கா? வருசா வருசம் போட்டியில்லாம வாராவள்லா.

— இன்னைக்குச் சாயங்காலமும் அப்படித்தான் தேர்தல். எதிர்த்து நிக்க ஆளில்லைன்னாலும் அதுக்குள்ள வீட்டுக்கு வீடு நோட்டீஸ் போயிரணும். ஜனநாயகத்துக்கு ஒரு மரியாதை வேணும்லா?

— அச்சாபீஸ்ல கொடுத்திருக்கலாமே சார்?

— என் கொள்கையை அடுத்தவன் மிஷின்லயா அடிக்க?

— போன கூட்டத்துலயும் இதே கொள்கைதான் தம்பி. குழாயில தண்ணி வரலைன்னு பொம்பளையெல்லாம் குடத்தோட போயி நிக்கோம். இவிய மென்பொருள் சுதந்திரத்தைப் பத்திப் பேசுதாவ, பேசுதாவ, கரண்டு போறவரைக்கும் பேசுதாவ.

— ஏளா, தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்குப் போவும். சுதந்திரம் அப்படியா?

— சார், சண்டை வேண்டாம். இந்த வெள்ளையைப் பாருங்க. மையை நீங்களே ஊத்திக்கிடலாம். டிரைவர்னு தனி மென்பொருள் ஒண்ணும் ஏத்தவே வேண்டாம், பாத்துக்கிடுங்க. ஒரே வைஃபைல இருந்தா தன்னால சேந்துக்கிடும். கடை வைஃபைல லேப்டாப்பைப் போட்டுப் பாருங்களேன்.

— இரு... ஏ, கண்டுபிடிச்சிட்டுல்லா! டிரைவர் கேக்கலை, ஒரு இழவும் கேக்கலை. இதுதாம்லே பிரிண்டர்!

— ஏங்க, லேப்டாப்புலேர்ந்து மட்டுந்தான் அடிக்குமா?

— எதுலேர்ந்தும் அடிக்கும். யாரு அனுப்புனாலும் அடிக்கும். யார்கிட்டயும் அனுமதி கேக்காது. அதுதான் தத்துவம்.

— கடை வைஃபைல போட்டா போன்லேர்ந்தும்?

— போன் என்ன பாவம் பண்ணிச்சு? பேச்சிராஜா, பில்லைப் போடு. எங்க என் கண்ணாடி? நோட்டீஸை எங்கன வச்சேன்...

— ஏங்க, அடிக்க ஆரம்பிச்சிட்டு.

— நான் இன்னும் அனுப்பவே இல்லை, அதுக்குள்ள அடிக்குது! என்ன வேகம்! எடுத்துச் சத்தமா வாசிலே. கடையில எல்லாரும் கேக்கட்டும்.

— “முத்தையாபுரம் மக்களே! முதல் வேலை குழாயில் தண்ணீர். கூட்டம் பத்தே நிமிடம்...” சார், இது வந்து...

— நான் பத்து நிமிசம்னு எழுதலையே. மேல வாசி.

— “தலைவர் பதவிக்கு உங்கள் வேட்பாளர், ஈவாஞ்சலின் தேவபிரசாதம்.”

— ஏளா! என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?

— யார்கிட்டயும் கேக்க வேண்டாம்னு இப்பந்தான சொன்னீய? தம்பி, பேப்பர் ஒரு கட்டு வை. தெரு பூராவும் கொடுக்கணும்.

— ஏலே பேச்சிராஜா, அந்தக் கறுப்பை இறக்கு.