டைட்டானியத்தின் மேல் பழி வேண்டாம்

நல்ல ரொட்டிக்கு மேலோடு கெட்டியாக இருக்க வேண்டும், டாக்டர் மேனகா. எங்கள் வீட்டில் காலையில் ரொட்டியும் காப்பியும்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் கணவர் ரேமோனின் தாடையைப் பற்றிச் சென்னை மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போவதாக நேற்று உங்கள் முதலியார்பேட்டை கிளினிக்கில் சொன்னீர்கள். டைட்டானியம் ஒத்துக்கொள்ளாத அபூர்வ நோயாளி என்று. இரண்டு வருடத்தில் செயற்கைப் பல்லுக்காக மூன்று திருகு பதித்தீர்கள். மூன்றும் ஆடிக் கழன்றன. நான் படித்தவள். ஓர் உலோகத்தின் மேல் வீண்பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

முதல் திருகு வைத்த அன்று என்னிடம் சொன்னீர்கள்: "ஆன்ட்டி, மூணு மாசம் அங்கிள் வலது பக்கம் கடிக்கவே கூடாது. எலும்பு வளந்து திருகைக் கவ்விப் புடிக்கணும். ஆட்டம் குடுத்தா எலும்புக்குப் பதிலா மெத்துனு சதைதான் வளரும். திருகு நிக்காது."

நோயாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் நம் ஊரில் புருஷனின் பத்தியத்தைப் பெண்டாட்டியிடம்தான் சொல்வார்கள். அவரோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் பீரங்கிப் பக்கம் நின்று காது மந்தமானவர். ஆட்டோவில் ஏறியதும், "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க, அஞ்செல்?" என்று கேட்டார்.

"எலும்புக்கு எக்சர்சைஸ் குடுக்கணுமாங்க. ரொட்டி மேலோட்ட வலது பக்கமா தெனம் நூறு கடி."

பட்டாளத்துக்காரரிடம் பயிற்சி என்று சொல்லிவிட்டால் போதும். காலை ஆறு மணிக்கு விறைப்பாக உட்காருவார். "அன், தெ, த்ருவா" என்று நான் பிரெஞ்சில் எண்ண, அவர் கடிப்பார். வலிக்கிறது என்றால், "அப்பதாங்க புடிக்குதுன்னு அர்த்தம்" என்று தைரியம் சொல்வேன். நான்கு நாள் பழைய ரொட்டியாகப் பார்த்து எடுத்து வைத்ததும் நான்தான்.

எங்கள் மகள் ஏஸ்தெல் பிரெஞ்சு தேசத்தில், லியோனில் இருக்கிறாள். அப்பா அங்கேயே வந்துவிட வேண்டும் என்கிறாள். அவருக்கும் ஆசை. "பல்லு முடியட்டும், பொட்டியக் கட்டிடறேன். நீ இப்ப வராட்டி போவுது, பின்னாடி வா" என்றார்.

கல்யாணமான பிறகு இருபத்திரண்டு வருடம் அவர் அங்கே, நான் இங்கே. விடுமுறைக்கு வந்து போன மனிதர், ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு முழுதாகக் கிடைத்தார். சாயங்காலம் கடற்கரையில் என் செருப்பையும் தூக்கிக்கொண்டு நடப்பார்.

மூன்றாவது திருகும் ஆடியபோது, முதுகில் என்னென்னவோ உலோகத்தை ஒட்டி ஒவ்வாமை பார்த்தீர்கள். இரண்டு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தார், பாவம். படுத்தபடியே நூறையும் முடித்தார். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் அபூர்வம் என்றீர்கள்.

தாடை எலும்பு கரைந்துவிட்டது, இடுப்பிலிருந்து எடுத்து வைக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படி எடுத்தால் எத்தனை மாதம் விமானத்தில் உட்கார முடியாது என்று நான் கேட்டது வெறும் ஆர்வத்தில்தான்.

ஆக, மூன்றையும் ஆட்டியவள் நான். உங்கள் கையிலும் குறையில்லை, உலோகத்திலும் குறையில்லை. கட்டுரையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

'போகாதீங்க' என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யாரையும் வற்புறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை, டாக்டர்.