பனியில் அடித்த நீலம்

குறைந்த விலையில் காருக்கு பெயின்ட் அடிப்பது பணத்துக்குத் தகும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கருத்து அன்றும் இதுதான், இன்றும் இதுதான்.

கடந்த ஓகஸ்ட் மாதம் என் மகனின் நிக்காஹ் நடந்த அன்று பள்ளிவாசல் முற்றத்தில் நடந்தது என்ன, அதில் என் பங்கு என்ன என்று நிர்வாக சபை எழுத்தில் கேட்டிருக்கிறது. நியாயமான கேள்வி. குரங்கு ஒன்று உள்ளே போய் மௌலவியின் மேசையிலிருந்த பேரீச்சம்பழத் தட்டை எடுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் சபை கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். பரவாயில்லை. நான் பதுளையில் இருபத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். கேட்ட கேள்விக்கு முழுதாகப் பதில் எழுதுவது பழக்கம்.

லத்தீப் என் மனைவி றஷீதாவின் நானா, மூத்த சகோதரர். எனக்கு மச்சான். பஸாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில் மட்டும்தான். இருபது வருடத்துக்கு முன் நாங்கள் இருவரும் ஒரே கிழமையில் ஒரே மாதிரிக் கார் வாங்கினோம். ஒரே நீலம். பிறகு நாட்டில் கார் இறக்குமதி நின்றது. இருப்பதை வைத்துக்கொண்டு ஓட வேண்டிய காலம் வந்தது. இரண்டு காரும் சேர்ந்தே வெளிறின.

மச்சான் தன்னுடையதைக் கண்டிக்குக் கொண்டுபோனார். மூடிய அறைக்குள் வைத்து அடித்து, சூடேற்றிக் காயவைத்து, நாலு லட்சம். நான் பெரகலைக்குக் கொண்டுபோனேன். சந்திக்குக் கீழே ஒரு தகரக் கூரை. அங்கே சிவஞானம் அடிக்கிறார். கொஸ்லந்தையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கொழுந்து லொறிகளுக்கு அடித்துப் பழகிய கை. எழுபத்தையாயிரம்.

என் காரின் நிறத்தில் ஒரு வெண்மை இருந்தது. அது டிசம்பர் மாதம். பெரகலையில் பனி. நீலம் நீலமாகத்தான் இருந்தது. அதற்கு மேல் காய்ச்சின பாலில் படிவது போல ஒரு படலம்.

மச்சான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பெயின்ட் அடிச்சீக்கியா, பால்டீ ஊத்தீக்கியா மச்சான்?"

ஒரு மாதத்தில் தெளிந்துவிடும் என்று சொன்னேன்.

"தெளியாது. காருக்குச் சளி புடிச்சீக்கி. கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க."

அந்தக் கிழமையே முச்சக்கர வண்டிக்காரர்கள் என்னைப் பால்டீ சேர் என்று அழைக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பாதிப்பேர் என் மாணவர்கள். அது என்னைப் பாதிக்கவில்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.

பெப்ரவரியில் என் மகன் றுஷ்திக்கும் மச்சானின் மகள் முஷ்ரிபாவுக்கும் பேசி முடித்தோம். மாப்பிள்ளையைப் பள்ளிக்கும் அங்கிருந்து மண்டபத்துக்கும் கொண்டுபோக ஒரு கார் வேண்டும். அது என் கார்தான் என்று நான் எண்ணியிருந்தேன். இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஹப்புத்தளை வளைவுகளில் ஏழு வயதில் அவன் வாந்தி எடுத்தது அந்தக் காரில். ஓட்டப் பழகியது அந்தக் காரில். பின்பக்கத்து நெளிவு அவன் போட்டது.

"வாப்பா, நான் மாமாட கார்ல போறேனே," என்றான்.

ஏன் என்று கேட்டேன்.

"உங்கட கார் போட்டோல வராது வாப்பா. பனிக்குள்ள நிக்கிற மாதிரி ஈக்கும்."

றஷீதா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு ஆறுதலாக யோசித்தேன். இரண்டு காரையும் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் அது ஒப்பீடே அல்ல. மச்சானின் கார் கூரைக்குக் கீழே, உறை போட்டு நிற்கிறது. என்னுடையது ஜம்பு மரத்தின் கீழ் நிற்கிறது. பழம் விழுகிறது, காகம் இருக்கிறது, வெயில் அடிக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், மற்ற நிலைமைகள் சமமாக இல்லாமல் இரண்டு பொருளை ஒப்பிட முடியாது. என் பெயர் முன்ஸிப். அறபியில் நீதமானவன் என்று பொருள். நான் நிலைமைகளைச் சமப்படுத்தினேன். அவ்வளவுதான்.

முதலில் சோறு. வெள்ளிக்கிழமைகளில் மச்சான் காரைப் பள்ளிவாசல் பின்முற்றத்தில் மாமரத்தின் கீழ் விடுவார். குத்பாப் பிரசங்க நேரத்தில் நான் வெளியே வந்து அதன் கூரையில் ஒரு பிடி சோறு வைத்தேன். காகங்கள் வந்தன. நான்கு ஜும்மா எனக்குத் தவறியது. குத்பா ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைப் பற்றி நான் அல்லாஹ்விடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். சபை சிரமப்பட வேண்டாம்.

காகத்தால் போதுமான பயன் கிடைக்கவில்லை. வாழைப்பழத்துக்கு மாறினேன். அதைத் தொழுகைக்கு முன்பே வைத்துவிட முடிந்தது. ஐந்தாம் கிழமையிலிருந்து குரங்குகள் நேரத்துக்கு வந்தன. சில நாட்களில் பாங்கு சொல்லும் மோதினாருக்கு முன்பே வந்தன. விலை கூடிய கோழிக்கூட்டு வாழைப்பழம் தேவையில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆகக் குறைந்த விலைப் புளிவாழையே போதும். குரங்குகள் வித்தியாசம் பார்ப்பதில்லை. விலை கூடியதெல்லாம் நல்லது என்று நினைப்பது மனிதர்கள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானின் காரை நானே கழுவிக் கொடுத்தேன். தென்னந்தும்பும் சாம்பலும். எங்கள் வீட்டுப் பானைகள் அப்படித்தான் கழுவப்படுகின்றன. மச்சான் மதிலுக்கு மேலால் ஒரு கோப்பை தேநீர் தந்தார். அன்று அவர் சளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காரை இரண்டு முறை சுற்றி வந்தார்.

ஜூன் கடைசியில் அவருக்கு இரத்தத்தில் சீனி கூடியது. சாப்பாடு குறைந்துவிட்டது, காரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார் என்று றஷீதா சொன்னாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். சீனி இல்லாத பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன். அவர் தலையணைக்குக் கீழிருந்து கார்ச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"காரப் பாத்துக்கொள்ளுங்க மச்சான். உங்களத் தவிர வேற ஆரையும் நம்ப ஏலாது."

பார்த்துக்கொண்டேன். பிரேக் ஒயிலைச் சிறிய தூரிகையால் தொட்டு பதினேழு இடங்களில் வைத்தேன். எங்கெங்கே என்று ஒரு படம் கீறி, திகதி போட்டேன். இரண்டு நாளில் பெயின்ட் பழுத்த தக்காளியின் தோல் போலச் சுருங்கிக் கழன்றது. நாலு லட்சத்துப் பெயின்ட். இதை நான் எழுதிவைத்திருக்கிறேன். சபை விரும்பினால் கொப்பியைத் தருகிறேன்.

மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கண்டிக்குப் போய்ச் சண்டை பிடித்தார். அங்கே அவர்கள் பார்த்துவிட்டு, யாரோ வேண்டுமென்று செய்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்து என்னிடம் கேட்டார்.

"எனக்கு ஆரு மச்சான் எதிரி?"

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். ஒருவர் பெயரும் ஞாபகம் வரவில்லை. அப்படியே சொன்னேன்.

அவர் மதிலில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு சொன்னார், "நீங்க சொன்னதுதான் சரி. நாலு லட்சம் சும்மா போன. நிக்காஹ்வுக்கு ஒரு மாசந்தான் ஈக்கி. அந்தப் பெரகல ஆளுட்ட என்னக் கூட்டிப் போங்க."

இந்த வார்த்தைக்காகத்தான் நான் ஐந்து மாதம் உழைத்தேன். இதோடு நிறுத்தியிருக்கலாம் என்று சபை கருதலாம். நானும் நிறுத்தத்தான் எண்ணினேன்.

ஜூலை மாதம். பெரகலையில் காற்று. வானத்தில் ஒரு மேகம் இல்லை. கீழே வெல்லவாய வரைக்கும் சமவெளி தெரிந்தது. சிவஞானம் வானத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தலையாட்டினார். மூன்று நாளில் கார் வந்தது. எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு போத்தலில் செப்புச் சல்பேற்றுப் பளிங்கு இருந்தது. அந்த நீலம். மச்சான் குனிந்து கதவில் தன் முகத்தைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தார்.

எழுபத்தையாயிரம்.

ஒரு விடயத்தை மேலே விட்டுவிட்டேன். டிசம்பரில் என் காருக்கு அடிக்க வேண்டிய அன்று சிவஞானம் அடிக்க மறுத்தார்.

"இன்னக்கி வேணாங்க சேர். பனி ஏறி வருது பாருங்க. இதுல அடிச்சா பெயின்ட் பால் கட்டிரும். ரெண்டு நாளு விடுங்க, வெயில் பாத்து அடிச்சுத் தந்துர்றேன்."

எனக்கு இரண்டு நாள் இருக்கவில்லை. மச்சானின் கார் சனிக்கிழமை கண்டியிலிருந்து வருவதாக இருந்தது. என்னுடையது வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பள்ளி முற்றத்தில் நிற்க வேண்டும். பனி என்பது நீர், நீர் ஆவியாகும் என்று விளக்கினேன். நான் விஞ்ஞான ஆசிரியர் என்பதையும் சொன்னேன்.

"ஆமாங்க சேர். ஆனா பெயின்டுக்கு அது தெரியாதுங்களே."

அடிக்கச் சொன்னேன். அடித்தார்.

ஆகவே சிவஞானத்தின் வேலையில் குறை இல்லை. என் கருத்து நிரூபணமாகிவிட்டது. மச்சான் பஸார் முழுக்கச் சொல்லித் திரிந்தார்: பெரகலைக்குப் போங்க, முன்ஸிப் மச்சான்தான் ஆளைக் காட்டின, கண்டி வேணாம். எல்லோரும் அவர் காரைத் தொட்டுப் பார்த்து, குறைந்த விலைப் பெயின்ட் நல்லதுதான் என்றார்கள். என்னிடமே வந்து சொன்னார்கள். பக்கத்தில் என் கார் நிற்கும். அதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

"உங்கட காரயும் திருப்பி அடிங்களே," என்றாள் றஷீதா. "நல்ல வெயில்தானே."

திருப்பி அடித்தால் முதலில் அடித்தது பிழை என்று ஆகிவிடும். என் கார் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியே விட்டேன்.

இனி நிக்காஹ் நாள். மச்சானின் காருக்குப் பூக் கட்டும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். மாப்பிள்ளையின் வாப்பா கட்டுவது மரியாதை என்று மச்சான் கண் கலங்கினார். காலையில் என் வீட்டு வாசலில் வைத்துக் கட்டினேன். ரோசாப்பூ, வெள்ளைச் சாமந்தி, பச்சைக்கு அடர்ந்த பன்னம் இலை. பன்னத்துக்குள் புளிவாழைப்பழம், இருபத்திரண்டு. பூவின் சமநிலைக்காக இரு பக்கமும் பதினொன்று.

அந்தக் காரிலேயே றுஷ்தி பள்ளிக்கு வந்தான். ஓடும் காரில் குரங்கு ஏறாது. அது மாமரத்தின் கீழ், வழமையான இடத்தில் நின்றது. உள்ளே நிக்காஹ் அமைதியாக நடந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். அன்று வெளியே போகவில்லை. போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

வெளியே வந்தபோது பதினாலு குரங்குகள் இருந்தன. ஒன்று கூரையில் படுத்திருந்தது. இரண்டு வைப்பர்களைக் கழற்றிக்கொண்டிருந்தன. தாய் ஒன்று, பக்கக் கண்ணாடியில் தன் குட்டியைக் குட்டிக்கே காட்டிக்கொண்டிருந்தது. செப்புச் சல்பேற்று நீலத்தில் நீளநீளமாக வெள்ளைக் கோடுகள். மச்சான் ஒரு குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். குடையையும் அவை வாங்கிக்கொண்டன. பேரீச்சம்பழத் தட்டு போனதும் அப்போதுதான். அவர் பள்ளிப் படியில் உட்கார்ந்தார். நாங்கள் புறப்படும் வரை எழும்பவில்லை. முஷ்ரிபா மண்டபத்தில் காத்துக்கொண்டிருந்தாள்.

என் கார் சற்றுத் தள்ளி, கேட்டுக்கு அருகில் நின்றது. அதை ஒரு குரங்கும் தொடவில்லை. நீலம் என்றால் பழம் என்று அவை படித்திருந்தன. என் காரை அவை நீலமாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

"வாங்க மகன்," என்றேன். "நேரமாகுது."

றுஷ்தி என் காரில் ஏறினான். மண்டபம் எட்டு நிமிடம். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன், பன்னிரண்டு நிமிடம் ஆனது. முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் ஒருவரும் பால்டீ என்று சொல்லவில்லை. எழும்பி நின்றார்கள். பாலம் தாண்டும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அதை மூக்கருகில் கொண்டுபோனான்.

"வாப்பா, உங்கட கையில வாழப்பழம் மணக்குது."

காலையில் சாப்பிட்டேன் என்றேன்.

"உங்களுக்கு வாழப்பழம் ஒத்துக்கொள்ளாதே."

அவன் என் கையை விட்டான். சபைக்கு இதைப் பற்றிச் சொன்னவன் அவன்தான் என்று கேள்விப்படுகிறேன். நல்லது. அவனுக்கு விஞ்ஞானம் படிப்பித்தது நான். அவதானித்ததை அவன் மறைக்கக் கூடாது.

மச்சானின் காரைச் சிவஞானத்திடம் மறுபடி கொண்டுபோகும் செலவை ஏற்கிறேன். அது அதிகம் இல்லை என்பதுதான் என் வாதமே.

சபை ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ள வேண்டும். இது ஒரு ஒப்பீடு. இதில் எனக்கு ஆசையோ கோபமோ இருக்கவில்லை. மகன் எந்தக் காரில் போகிறான் என்பது எனக்கு ஒரு பொருட்டே அல்ல. என் கார் அன்று கேட்டைப் பார்த்துத் திருப்பி விடப்பட்டிருந்தது தற்செயல். பின்சீற்றில் புது விரிப்பு இருந்ததும் தற்செயல். முதல் நாளே அதற்கும் பூக் கட்டியிருந்தேன். அதில் பழம் வைக்கவில்லை.